ஒண்டு, ரெண்டு, மூணு

தகர வாளி ஒன்றை, ஓடாமல் நிற்கிற ரயிலின் பெட்டிக்குள்ளே, தரையில் யாரோ வைத்த சத்தம். வைத்துவிட்டுக் கைப்பிடியை விட்டுவிட்டார்கள். அது விளிம்பில் ஒருமுறை மோதி, பிறகு சிறுத்துச் சிறுத்துக் கிணுகிணுத்து ஓய்ந்தது. முப்பத்தைந்து வருஷமாகிவிட்டது. தவமலர் எப்போது ஹெட்போனைத் தலையில் மாட்டினாலும், ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முந்திய அந்த இரண்டு விநாடி வெறுமையில் முதலில் வருவது அந்தச் சத்தந்தான். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் வருவார்கள். இன்று வந்தது பேட்டி எடுக்கிற ஞானப்பிரகாசத்தின் செருமல். கேள்வி கேட்கத் தொடங்குமுன் அவன் ஒருமுறை செருமிக்கொள்வான். பிறகு திகதியைச் சொல்வான், பதிவு எண்ணைச் சொல்வான், பேச வந்தவரின் பெயரைச் சொல்லமாட்டான். பெயர் தெரிந்தால் காது சாய்ந்துவிடும் என்பது அலுவலகத்தின் எண்ணம். யன்னலுக்கு வெளியே பனி, பெய்வதே தெரியாமல் பெய்கிற பனி, கீழே ட்ராம் தண்டவாளத்தை அழித்துக்கொண்டிருந்தது. நாலாம் மாடியிலிருந்து பார்த்தால் ஊரே ஒரு வெள்ளைத் தாளாக, யாரும் இன்னும் ஒன்றும் எழுதாததாகக் கிடந்தது. இரண்டு மணி. பதிவு இருபத்திரண்டு நிமிஷம். மூன்று மணிக்குள் அறிக்கை கொடுத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள் அவள். இந்த வடக்கத்தி நாட்டுக்கு வந்து பதினாறு வருஷமாக அகதிகளின் நாக்கைக் கேட்டு எழுதுகிறாள். தஞ்சம் கேட்டு வருகிறவர், தான் சொல்கிற ஊரில்தான் பேசப் பழகினாரா என்று கேட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. படிவத்தில் இரண்டு கட்டங்கள். இலங்கையின் வடக்கு, ஒன்று. தமிழ்நாடு, மற்றது. ஏதாவதொன்றில் புள்ளடி போட வேண்டும். முதற் கட்டத்தில் விழுந்த புள்ளடிக்கு இந்த நாட்டில் ஒரு கதவும் ஒரு கட்டிலும் ஒரு குளிர்ச்சட்டையும் கிடைத்ததை அவள் கண்டிருக்கிறாள். இரண்டாவதில் விழுந்தால், பொய் சொன்னவர் என்று முத்திரை குத்திச் சென்னைக்கு விமானம் ஏற்றுவார்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் போடச் சொல்லி ஒருமுறை கேட்டாள். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு ஆளுக்கு ஒரு நாக்குத்தானே?" என்றார். அவர் பகிடி விட்டாரா, மெய்யாகக் கேட்டாரா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

"வணக்கம் அண்ணை" என்றது பதிவுக்குள் ஒரு பெண்குரல். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மெல்லிய குரல், ஈரத்துணியைக் கொடியில் போடுகிறபோது வருகிற மாதிரி ஒரு சின்ன உதறல் அதில். புங்குடுதீவில் பிறந்தேன், சண்டைக்குப் பயந்து வன்னிக்குப் போனோம், கடைசி மட்டும் அங்கேதான் இருந்தோம் என்று சொன்னாள். சொன்ன விதம் மனப்பாடம் செய்தவள் விதம். மனப்பாடம் என்றால் பொய் என்று தவமலர் நினைப்பதில்லை. உண்மையைக்கூட மனப்பாடம் செய்துகொண்டுதான் இந்தக் கட்டடத்துக்குள் வருகிறார்கள். "இந்தியாவிலை எப்பவாவது இருந்தனீங்களோ?" என்று ஞானப்பிரகாசம் கேட்டான். "இல்ல" என்றாள் அவள். ஒரு மூச்சு விட்டு, "இல்லை" என்றாள். இரண்டும் ஒரே சொல், இரண்டு வேறு வீடுகளிலிருந்து வந்த சொல். தவமலர் பென்சிலை எடுத்தாள். எழுதவில்லை. "வீட்டிலை எத்தினை பேர், எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்." "அம்மா ஒண்டு, தங்கச்சி ரெண்டு, நான் மூணு." தவமலர் பதிவை நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டிக் கேட்டாள். ஒண்டு, ரெண்டு, மூணு. யாழ்ப்பாணத்துக் குழந்தைக்கு ஒண்டு என்று தொடங்கினால் மூண்டு என்றுதான் முடியும். தமிழ்நாட்டுக் குழந்தைக்கு ஒண்ணு என்று தொடங்கி மூணு. இவள் அந்தக் கரையில் தொடங்கி இந்தக் கரையில் முடிக்கிறாள். நடுவிலே ரெண்டு, இரு கரைக்கும் பொதுவாக, கடல் மாதிரிக் கிடக்கிறது. ஒண்டு தாய் சொல்லிக்கொடுத்தது. மூணு பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது. எந்தப் பள்ளிக்கூடம்? கேள்வி கேட்கிற காதை யார் தனக்குத் தந்தது, எந்த நேரத்தில் அது தனக்குத் தொழிலானது என்று அவள் இப்படித்தான் அடிக்கடி யோசிப்பாள். யோசித்து ஒருநாளும் ஓரிடத்துக்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

தானும் ஒரு காலத்தில் கலந்து பேசியவள்தான். பத்தொன்பது வயதில் சென்னையில் படிக்கப் போனாள். விடுதியில் முதல் நாள் யாரோ எதையோ கேட்க, "ஓம்" என்றாள். மேசை முழுதும் சிரிப்பு. "இங்க பாருங்கடி, சாமியார் வந்திருக்கா, மந்திரம் சொல்றா!" இன்னொரு நாள் காலையில், ஏன் இன்னும் தலை வாரவில்லை என்று கேட்டதற்கு, "நான் இன்னும் முழுகேல்லை" என்று சொல்லிவிட்டாள். தலைக்குக் குளிக்கவில்லை என்றுதான் சொன்னாள். முழுகாமல் இருக்கிறாள் என்றால் வயிற்றில் பிள்ளை என்று எண்ணிய அந்தப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, எத்தனை மாசம், மாப்பிள்ளை கப்பலிலா வருவார் என்று கேட்டு அழவைத்தார்கள். அழுது முடிந்ததும் அவர்களே பூ வாங்கிவந்து வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஆமா என்றாள். குளிக்கல என்றாள். கதைக்கிறது போய்ப் பேசுறது வந்தது. கண்ணாடிக்கு முன் நின்று தன் வாயைத் தானே பார்த்தபடி ஆமா, ஆமா என்று சொல்லிப் பார்த்தது நினைவிருக்கிறது. வேறு யாருடைய சட்டையோ அளவாக இருந்துவிட்டால் வருகிற கூச்சம் அப்போது வந்தது. அறைத்தோழி நெல்லூர்க்காரி. விஜயலட்சுமி என்று பெயர், ஆனால் விடுதிக் காவல்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் புஜ்ஜி. அந்தப் பெயரின் முதலெழுத்துத்தான் தவமலருக்கு வரவே வராது. உதட்டை ஒட்டி, உள்ளே ஒரு சின்ன முரசை அதிரவிட்டு, பிறகு திறக்க வேண்டிய எழுத்து. ஊரில் அந்த ஒலியைச் சொல்லின் தலையில் நிற்க விடமாட்டார்கள். பஸ்ஸையே வஸ் என்பார்கள். "நான் என்ன வுஜ்ஜியா? உதட்ட ஒட்டு, ஒட்டிட்டுச் சொல்லுடி யாழ்ப்பாணம்!" என்று புஜ்ஜி அவள் உதடுகளை இரண்டு விரலால் பிடித்து மூடுவாள். விளக்கணைத்த பிறகு கட்டிலிலிருந்து கட்டிலுக்குப் பாடம் நடக்கும். புஜ்ஜி, புஜ்ஜி, புஜ்ஜி. மூன்று மாதத்தில் வந்துவிட்டது. பிறகு போகவேயில்லை. இப்போதும், இந்தப் பனிநாட்டில், வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது உதட்டுக்கு உள்ளே அந்தச் சின்ன முரசு இருப்பது தெரியும்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்காமல் விட்ட பகுதியைத் திரும்ப ஓட்டினாள். ஞானப்பிரகாசத்தின் கேள்விகள் சாப்பாட்டுக்கு வந்திருந்தன. ஊரில் கூழ் காய்ச்சுகிற விதம் சொல்லச் சொன்னான். இது அவனுக்குப் பிடித்த கேள்வி. பதிலைக் கேட்டே பாதி வயிறு நிரப்பிக்கொள்வான். அந்தப் பெண் சொன்னாள்: ஒடியல் மா கரைக்கவேணும், நண்டு போடவேணும், பயத்தங்காய், பலாக்கொட்டை, பழப்புளி. பழப்புளி என்று சொன்னபோது தவமலரின் நாக்கடியில் நீர் ஊறியது. அதைப் புளி என்று மட்டும் சொல்லாமல் பழப்புளி என்று சொல்வதற்கு ஒரு குசினி வேண்டும், குசினியில் ஒரு தாய் வேண்டும். ஆனால் கூழைக் "குண்டான்ல" காய்ச்சி "டம்ளர்ல" ஊற்றினாள் அந்தப் பெண். பனையோலைப் பிளா மடித்துக் குடிப்பதை ஞானப்பிரகாசமே எடுத்துக்கொடுத்தான். "ஓம் ஓம், அம்மா சொல்லுவா" என்றாள். அம்மா சொல்லுவா. அப்போதுதான் தவமலர் கவனித்தாள், ஊரைப் பற்றி அவள் சொன்ன எல்லாவற்றின் வாலிலும் அது இருந்தது. தேருக்கு வெளியூர்ச் சனமெல்லாம் வள்ளத்தில் வரும், அம்மா சொல்லுவா. நல்ல தண்ணிக் கிணறு ஒண்டுதான், அம்மா சொல்லுவா. கள்ளிவேலிக்கு அங்கால பூவரசு, அம்மா சொல்லுவா. தமிழ்நாட்டுக்காரி என்றால் சொல்லுவாங்க என்று வந்திருக்கும். இங்கே சொல்லுவா, தீவுக்காரி ஒருத்தி தன் தாயைச் சொல்கிற அதே குறுகிய மரியாதை. ஊரை அவள் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. தாயின் வாயை ஒரு யன்னலாக்கி, அதன் வழியே எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். "உங்கட வீடு எப்பிடி, எவ்வளவு பெரிசு?" என்று கேட்டான். அதற்கு மட்டும் அம்மா வரவில்லை. "பத்துக்குப் பத்து" என்றாள், உடனே, யோசிக்காமல். தவமலர் கண்களை மூடிக்கொண்டாள். தீவில் யாரும் வீட்டை அளந்து சொல்வதில்லை. வளவைச் சொல்வார்கள், நாலு பரப்பு, ஆறு பரப்பு என்பார்கள். பத்தடிக்குப் பத்தடி அளந்து, வரிசையாகச் சுவர் வைத்து, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று எண்ணி அடைத்த வீடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ராமநாதபுரம் பக்கத்து அகதி முகாம் ஒன்றிலிருந்து சொந்தக்கார மனிசி ஒருத்தி முந்தி கடிதம் போடுவாள். பத்துக்குப் பத்துக்குள் ஒரு சீலையைக் கட்டி மகளுக்கு அறை பிரித்ததை எழுதியிருந்தாள். ஆக, இந்தப் பெண் அங்கே பிறந்தவள். புங்குடுதீவு அவள் போன ஊரல்ல, கேட்ட ஊர். இலங்கை அவளைப் பதிந்துகொள்ளவில்லை, இந்தியா அவளை எண்ணிக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வரிசையில் நிறுத்தி, ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூணு அங்கேதான் அவள் வாய்க்குள் போயிருக்க வேண்டும்.

கதவு தட்டப்பட்டது. தட்டிவிட்டுக் காத்திருக்காமல் தலையை நீட்டுகிற ஆள் ஒருவன்தான். பதிவுக்குள் இருக்கிற அதே ஞானப்பிரகாசம், இப்போது மொட்டைத்தலையும் கம்பளிச் சால்வையுமாக.

"என்ன ரீச்சர், இன்னும் அந்தப் பிள்ளையோடதானோ? வாங்கோவன், மெசின் தேத்தண்ணி ஒண்டு குடிப்பம். கழனித்தண்ணிதான், எண்டாலும் சூடு."

அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினாள். "நீங்கள் குடியுங்கோ தம்பி. எனக்கு மூண்டு மணிக்குக் குடுக்கவேணும்."

"நான் கேள்வி கேட்ட வடிவைக் கவனிச்சியளோ? என்ரை தமிழையும் கேட்டுப்போட்டு என்னை மற்றக் கட்டத்துக்கை போட்டிடாதேங்கோ. மனிசி வெடி கொளுத்துவாள்."

"உங்களைப் போடுறதுக்குக் கட்டம் காணாது."

அவன் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினான். "நல்ல பிள்ளை ரீச்சர். போகேக்கை என்ரை கோப்பையையும் கழுவி வைச்சிட்டுப் போகுது. ஆனா முந்தின மாதிரி இல்லை இப்ப. சண்டை முடிஞ்சு மூண்டு வருஷமாச்சு, இனி அங்கை பயமில்லை எண்டு மேலை கதைக்கினம். எந்தக் கட்டமெண்டாலும்..."

"தம்பி, அது மேலை உள்ளவையின்ரை வேலை. என்ரை வேலை நாக்கு மட்டுந்தான்."

"அதுவும் சரிதான்" என்றான் அவன். "பிறகு வாறன்." கதவு மூடிக்கொண்டது. அவன் பாதியில் விட்ட சொல் கொஞ்ச நேரம் அறைக்குள் நின்றது, பிறகு ஹீட்டரின் முனகலோடு கலந்து போய்விட்டது. அவள் ஹெட்போனின் விலக்கிய பக்கத்தைத் திரும்பவும் காதுக்கு இழுத்தாள்.

நல்ல பிள்ளை. நல்ல மனிசர் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தி ரயிலில் எதிரே இருந்த ஒருவரையும் அவள் நினைத்தாள், அவர் ஒரு தோடம்பழத்தை உரித்துச் சுளையைப் பிரித்து நீட்டியபோது. சென்னைப் படிப்பு முடிந்து வந்து, உத்தியோகத்துக்காகக் கொழும்பில் ஒரு நேர்முகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய ஆவணி மாதம் அது, தெற்கில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கியிருந்த ஆவணி. எதிர் இருக்கையில் அவர். குருநாகலில் கந்தோர் ஒன்றில் முப்பது வருஷம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றுப் போகிறவர். ரயில் காவலரோடு சிங்களத்தில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார். தமிழில் "பிள்ளை, பழம் சாப்பிடுங்கோ" என்று சொல்லும்வரை அவரை அவள் சிங்களவர் என்றே எண்ணியிருந்தாள். பெயர் கேட்கவில்லை. ரயில் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. பெயர்ப் பலகையைப் பார்க்கவில்லை. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு நாலைந்து பேர் ஏறினார்கள், ஒருவன் கையில் ஒரு தகர வாளி. தீ அணைக்கத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததை நினைத்து இன்றும் வெட்கப்படுவாள். வாளி வெறுமையாக இருந்தது. அவன் அதை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். "மேக்க மொக்கத?" இது என்ன. அது மட்டுந்தான் கேள்வி. சிங்களத்தில் வாளிக்கு இருக்கிற பெயரின் முதலெழுத்து அந்த எழுத்து, உதட்டுக்கு உள்ளே முரசு அதிர வேண்டிய எழுத்து. தமிழன் வாய்க்கு அது வழுக்கும், வழுக்கி வ ஆகிவிடும், சட்டைப்பையில் எந்தக் கடதாசி இருந்தாலும் வாய் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். பால்திய, என்றாள். உதடு ஒட்டி, அதிர்ந்து, திறந்தது. புஜ்ஜியின் எழுத்து. அவன் தலையசைத்துவிட்டு வாளியை எதிர்ப்பக்கம் திருப்பினான். அவர் அவளைப் பார்த்தார். அவள் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். அவர் உதடுகள் அதைச் சொல்லிப் பார்ப்பது போல அசைந்தன. முப்பது வருஷச் சிங்களம், காவலரைச் சிரிக்கவைத்த சிங்களம், எல்லாம் அந்த உதட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. காதுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. "வால்திய" என்றார். சொன்ன கணமே தவறு அவருக்கும் தெரிந்துவிட்டது, திருத்தப் போனார், அதற்குள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். வைத்தவன் அவளிடம் திரும்பி, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அது பொய்யல்ல. தெரியாதுதான், பெயர்கூடத் தெரியாது. ரயில் புறப்பட்டபோது எதிர் இருக்கை வெறுமையாக இருந்தது, அவள் கையில் தோடம்பழச் சுளை இருந்தது. யாழ்ப்பாணம் வரும்வரை அதைத் தின்னவுமில்லை, போடவுமில்லை.

அந்த வாளியைத் தூக்கிப் பிடித்தவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் முதல் வருஷங்களில் தன்னையே கேட்டுக்கொள்வாள். அவன் கொல்லக் கேட்டான், தான் காக்கக் கேட்கிறாள் என்று பதில் சொல்லிக்கொள்வாள். பிறகு ஒரு வருஷம் அந்தப் பதிலும் உடைந்தது. இதே மாதிரி ஒரு பதிவு, ஒரு மீன்பிடிகாரன். தாயின் பேச்சு தீவு, வளர்ந்த பேச்சு முகாம் என்று இரண்டு வரியில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். படிவத்தை வாசித்தவர்கள் இரண்டாம் வரியை மட்டும் வாசித்தார்கள். அவனைச் சென்னைக்கு ஏற்றினார்கள். அங்கே இறங்கினவனை, நீ சிலோன்காரன், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டு அடைத்தார்களாம். ஞானப்பிரகாசத்துக்கு யாரோ சொல்லி, அவன் ஒரு தேத்தண்ணி நேரத்தில் சொன்னான். உண்மை இரண்டு வரி என்றால் அதைப் படிக்க இரண்டு கண் வேண்டும். இவர்களுக்குக் கட்டம் இரண்டு, கண் ஒன்று. மணி இரண்டரை தாண்டியிருந்தது. பனி இப்போது பெய்வது தெரிகிற பனியாகியிருந்தது. பெரிய பெரிய துண்டுகளாக, கிழித்துப் போட்ட கடதாசியாக, அவசரமில்லாமல் இறங்கியது. அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் கூட வந்தது. நித்திரை என்று சொல்ல வேண்டுமா, தூக்கம் என்று சொல்ல வேண்டுமா என்று ஓர் எண்ணம் இடறியது. தனக்குள்ளே தானே பேசும்போது எந்த ஊர் வாயால் பேசுகிறாள்? இப்போது ஆமா என்று நினைத்தாளா, ஓம் என்று நினைத்தாளா? தன் பதிவை யாராவது எடுத்து, இதே கதிரையில் இருந்து கேட்டால், புள்ளடி எங்கே விழும்? அந்தப் பயம் ஒரு சின்ன எலி மாதிரி மேசைக்கு அடியில் ஓடி மறைந்தது.

பத்தொன்பதாவது நிமிஷத்தில் அது வந்தது. ஞானப்பிரகாசம் தாள்களைத் தள்ளுகிற சரசரப்பு, மேசையில் ஏதோ கனமானது வழுக்குகிற ஓசை, உடனே அந்தப் பெண், மனப்பாடமும் மெல்லிய குரலும் ஒருசேர உதிர, "ஐயோ அண்ணை, உது! உதை எடுங்கோ, உது விழப்போகுது!" என்று கத்தினாள். ஞானப்பிரகாசம் சிரித்தான். "பயப்பிடாதை பிள்ளை, வெறுங்கோப்பை." "மன்னிச்சுக்கங்க" என்றாள் அவள், திரும்பவும் பழைய குரலில், திரும்பவும் முகாமிலிருந்து. தவமலர் அந்த ஆறு விநாடியை மூன்றுதரம் ஓட்டினாள். உது. உதை. உது. இங்கே என் பக்கத்தில் இருந்தால் இது. இருவருக்கும் தூரத்தில் இருந்தால் அது. கேட்கிறவர் பக்கத்தில், அவர் கைக்குக் கிட்ட இருந்தால் உது. மற்றத் தமிழரெல்லாம் எங்கேயோ தவறவிட்டுவிட்ட அந்த நடுச்சொல்லை யாழ்ப்பாணம் இன்னும் கைக்குள் வைத்திருக்கிறது. ஓம் என்பதை ஒரு பின்னேரத்தில் படிப்பிக்கலாம். பாண், கதிரை, சவுக்காரம், சப்பாத்து என்று பட்டியல் போட்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறவர்கள் விற்கிறார்கள். அந்தப் பட்டியலை அவளே பார்த்திருக்கிறாள். உதுவை விற்க முடியாது. கோப்பை சரிகிற கணத்தில் வருகிற உது, பேச்சு வருமுன்பே வந்திருக்க வேண்டும். தவழ்கிற குழந்தை கையில் எதையோ எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும். எங்கிருந்தோ ஓடிவந்து ஒருத்தி, உதென்னடி வாயிலை, துப்பு, துப்பு என்பாள். அந்தக் கையில் இருப்பது உது. பத்துக்குப் பத்து அறையில், சீலை மறைப்புக்குப் பக்கத்தில், புங்குடுதீவிலிருந்து வந்த ஒரு தாய் அந்தச் சொல்லைத் தன் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். நாட்டைக் கொடுக்க முடியாதவள், ஒரு பொருள் தன்னிடமும் இல்லாமல் தூரத்திலும் இல்லாமல் எதிரே இருப்பவரிடம் இருப்பதைச் சுட்டுகிற விரலைக் கொடுத்திருக்கிறாள். அப்படி ஒரு விரலோடு பிறந்த பிள்ளைக்கு நாடு எது? காலுக்குக் கீழே இருந்தது ஒருநாளும் அவளுக்கு இது ஆகவில்லை. தாய் சொன்னதோ அக்கரையில் அதுவாகவே நின்றுவிட்டது. எல்லா நாடும் அவளுக்கு உதுதான், எதிரே உட்கார்ந்திருக்கிறவரின் கைக்குக் கிட்ட, விழப்போகிற விளிம்பில்.

மணி இரண்டு நாற்பத்தைந்து. படிவம் மேசையில் இருந்தது. தவமலர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். பதினாறு வருஷத்தில் கேட்ட ஒன்றைக் கேட்காததாக அவள் எழுதியதில்லை. இந்த வேலையில் அவளுக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தக் காது. அது பொய் சொன்னது என்று ஒருமுறை தெரிந்தால் இந்தக் கதிரையில் நாளைக்கு வேறு யாராவது இருப்பார்கள். ஆனால் உது என்று எழுதினாள். பழப்புளி என்று எழுதினாள். அம்மா சொல்லுவா என்பதில் அம்மாவை விட்டுவிட்டு, சொல்லுவா என்கிற விகுதியைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதினாள். ஒண்டு என்று எழுதினாள். மூணு என்று எழுதவில்லை. குண்டானையும் டம்ளரையும் எழுதவில்லை. பத்துக்குப் பத்தை எழுதவில்லை. எழுதாமல் விட்டவை ஒவ்வொன்றும் பனித்துண்டு மாதிரி அவளுக்குள்ளே எங்கேயோ மெதுவாக இறங்கி, இறங்கிய இடத்தில் சத்தமில்லாமல் கரைந்தன. ரயிலில் எதிரே இருந்த அந்த மனிசரின் உதடுகள் அசைந்தது நினைவு வந்தது. அன்று அவர் வாய்க்குள் தன் எழுத்தை எடுத்து வைக்க முடியவில்லை. இன்று ஒருத்தியின் வாயிலிருந்து ஒரு எழுத்தை எடுத்து ஒளிக்க முடிகிறது. அவ்வளவு போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் உடம்பு இலேசாகி, ஊரில் பின்னேரக் குளிப்பு முடிந்து ஈரத்தலையோடு நிற்கிறபோது வருகிற ஒரு காற்று, இந்த அடைத்த யன்னலுக்குள்ளே எப்படியோ வந்து கழுத்தைத் தொட்டுப் போயிற்று. பேசுகிறவர் பேச்சுப் பழகிய இடம்: இலங்கையின் வடக்கு, தீவுப்பகுதி. உறுதி: ஐயமில்லை. முதற் கட்டத்தில் புள்ளடியைப் போட்டாள். கோடுகள் இரண்டும் நடுவில் சரியாகச் சந்தித்தன. கையெழுத்து வைத்து, எழுந்து, கால் மரத்திருந்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, படிவத்தைக் கொண்டுபோய் நடைக்கூடத்தின் முடிவில் இருக்கிற தட்டில் வைத்தாள். சுவர் மணிக்கூட்டில் மூன்றுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

அந்தப் பெண் இலங்கைக் குடிமகள் என்பது மொழிப் பகுப்பாய்வில் ஐயமின்றி உறுதியாயிற்று என்றும், அங்கே சண்டை முடிந்துவிட்டதால் திருப்பி அனுப்பத் தடையில்லை என்றும் தீர்ப்பு எழுதினார்கள். அடுத்த பங்குனியில் இரண்டு காவலர் துணையோடு அவளைக் கொழும்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கு முன் அவள் ஒருநாளும் இலங்கையைக் கண்டதில்லை.